சாயங்கால ஜெபமும் சிங்கப்பூர் ஸ்டேஷனும்

என் கணவர் என்னிடம் நேராகப் பேசியது குறைவு. அந்தக் காலத்தில் பல வீடுகளில் அப்படித்தான் என்றாலும் அவர் கொஞ்சம் அதிகம். சோறு போதும், தண்ணீர் கொடு, அருப்புக்கோட்டைக்குப் போய்வருகிறேன். இவ்வளவுதான் ஒரு நாளின் பேச்சு. ஆனால் ஜெபத்தில் பேசுவார். விளக்கேற்றியதும் கோயிலில் சபையாரோடு ஜெபம் முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து, எங்கள் இருவருக்கும் மட்டும் என்று இன்னொரு ஜெபம் வைப்பார். பாயில் முழங்காலிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஆண்டவரிடம் அன்றைக்கு நடந்ததை எல்லாம் சொல்வார். பள்ளிக்கூடத்தில் கோபப்பட்டு ஒரு பிள்ளையை அடித்ததைச் சொல்வார். மழை இல்லாமல் பருத்திச் செடி வாடிக் கிடந்ததைப் பார்த்துத் தனக்கு அழுகை வந்ததைச் சொல்வார். "உமது அடியாளுக்கு இடுப்பு வலி இன்னும் தீரவில்லை, அதை நீர் அறிந்திருக்கிறீர்" என்பார். எனக்கு இடுப்பு வலி என்று நான் அவரிடம் சொன்னதே கிடையாது. பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரியும்.

எங்களுக்கு ஒரே ஒரு குழந்தை பிறந்தது. ஆண் குழந்தை. பிறந்த வாரத்திலேயே இறந்துவிட்டது. அவரே குழி தோண்டி, அவரே அடக்க ஆராதனை நடத்திவிட்டு வந்து, என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அன்று சாயங்கால ஜெபத்தில், "கர்த்தாவே, அவனுக்கு என் தாயாரின் நெற்றி இருந்தது" என்றார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை. அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் நான் அந்த வருஷத்தைக் கடந்தேன்.

அவர் உபதேசியார், போதகர் இல்லாத சின்ன ஊரில் சபையையும் பள்ளிக்கூடத்தையும் பார்த்துக்கொள்பவர். திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டை போகும் ரோட்டை விட்டு விலகி, கரிசல் காட்டுக்குள் இருந்த ஒரு சின்ன ஊரில் எங்களுக்கு வேலை. ஓடு போட்ட கோயில், அதை ஒட்டி ஒரு பள்ளிக்கூடம், பின்னால் எங்கள் வீடு. சபையில் பத்துப் பதினைந்து குடும்பங்கள். பகல் முழுக்க எல்லாரும் காட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். நான் பந்தல்குடியில் ரோட்டோரக் கடை வைத்திருந்தவரின் மகள். லாரியும் வண்டியும் ஓயாத இடத்திலிருந்து, காற்றைத் தவிர வேறு சத்தம் இல்லாத இடத்துக்கு வந்திருந்தேன். ஊர்ப் பெண்கள் என்னை "உபதேசியாரம்மா" என்று மரியாதையாகக் கூப்பிட்டார்கள். அந்த மரியாதையினாலேயே யாரும் என்னோடு உட்கார்ந்து பேச மாட்டார்கள். ஆகையால் பகல் முழுவதும் நான் சாயங்காலத்துக்காகக் காத்திருப்பேன்.

என் கணவருக்கு ஒரு தம்பி. தாயும் தகப்பனும் காலராவில் போனபின் அவர்தான் அவனைத் தூக்கி வளர்த்தவர். தூத்துக்குடி ரோட்டில் லாரியில் கிளீனராக ஏறி, பிறகு டிரைவராகி, யுத்தம் தொடங்கியதும் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். அவனை மலேயாவுக்கு அனுப்பினார்கள். விருதுநகர் ஸ்டேஷனில் ரயில் புறப்படும் முன் என் கணவர் பிளாட்பாரத்திலேயே அவன் தலையில் கை வைத்து ஜெபித்தார். கொழுந்தன் வெட்கப்பட்டு, "அண்ணே, எல்லாரும் பாக்காக, சுருக்கா முடிங்கண்ணே" என்றான். அவர் சுருக்காக முடிக்கவில்லை.

அதற்குப் பிறகு சில மாதங்களில், அருப்புக்கோட்டையில் மிஷன் பங்களாவில் இருந்த துரை தம் நாட்டுக்குத் திரும்பிப் போனார். போகும்போது தம்முடைய சாமான்களைச் சுற்றியிருந்த சபைகளுக்குப் பிரித்துக் கொடுத்தார். எங்களுக்கு ஆர்மோனியம் கிடைக்கும் என்று என் கணவர் நம்பியிருந்தார். ஆர்மோனியம் வேறு ஊருக்குப் போய்விட்டது. எங்களுக்கு ரேடியோ வந்தது. தம்பி மலேயாவில் இருப்பது தெரிந்துதான் துரை அதைக் கொடுத்தாராம்.

மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி அதைக் கொண்டுவந்தார்கள். மரப்பெட்டி, முகத்தில் துணி, அதற்குக் கீழே எண்கள் எழுதிய கண்ணாடி. கூடவே கனமான ஒரு பேட்டரி. மூங்கில் நட்டு ஏரியல் கம்பியை இழுத்துக் கட்டி, திருகியதும், பெட்டிக்குள்ளிருந்து ஒருவர் திருச்சியிலிருந்து தமிழில் பேசினார். வாசலில் நின்ற கூட்டம் ஓவென்று கத்தியது. ஒருவர் பெட்டிக்குப் பின்னால் போய்க் குனிந்து பார்த்தார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்? முதல் தடவை பாட்டுக் கேட்டபோது அடுப்பில் கஞ்சி பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் நின்றேன்.

தினமும் யுத்தச் செய்திக்குக் கூட்டம் சேர்ந்தது. எங்கள் சபையார் மட்டும் இல்லை. ஊரின் மேற்கே நிலபுலத்தோடு வாழ்ந்த சம்சாரிகளும் வந்தார்கள். கோயில் காம்பவுண்டுக்குள் அதுவரை காலே வைக்காதவர்கள். செய்தி முடிந்ததும் அவர்களை ஜெபத்துக்கு இருக்கச் சொல்லலாம் என்று என் கணவர் நினைத்தார். ஆனால் செய்தி முடிந்ததும் அவர்கள் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள். சில நாளில் எங்கள் சபையாரும் அவர்களோடு பேசிக்கொண்டே எழுந்து போகத் தொடங்கினார்கள். ஜெபத்தைச் செய்திக்கு முன்னால் வைத்துப் பார்த்தார். ஜெபத்தின் நடுவில் ஆட்கள் ஒரு கண்ணைத் திறந்து பெட்டியைப் பார்த்தார்கள். அப்போது அவர் அதை ஒரு வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டார். "ஆண்டவரே, எங்கள் காதுகள் அலைகின்றன" என்று ஜெபத்திலேயே சொன்னார்.

சிங்கப்பூர் விழுந்த செய்தியையும் அந்தப் பெட்டிதான் சொன்னது. அவர் நின்றுகொண்டு கேட்டார். செய்தி முடிந்தபின்னும் நின்றுகொண்டே இருந்தார். கூட்டம் மெல்லக் கலைந்தது. வீட்டு ஜெபத்தில் அன்று, "என் தம்பி, என் தம்பி" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் கொழுந்தனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. இருக்கிறானா, இல்லையா என்று கேட்கவும் ஆள் இல்லை.

வீரசோழனிலிருந்து சைக்கிளில் துணி மூட்டை கட்டிக்கொண்டு வரும் ஒரு வியாபாரி எங்கள் ஊருக்கு வாடிக்கை. நாங்கள் பாய் என்று கூப்பிடுவோம். அவருடைய ஒரே மகன் பினாங்கில் ஒரு கடையில் வேலையில் இருந்தான். அவனைப் பற்றியும் தகவல் இல்லை. ஒரு நாள் அவர் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"உபதேசியாரே, ஒரு சேதி காதுல விழுந்துச்சு. ஜப்பான்காரன் சிங்கப்பூர்லருந்து தமிழ்ல பேசுறானாம். பிடிபட்ட நம்ம ஆளுகளை மைக்கு முன்னால கொண்டாந்து, வீட்டாளுகளுக்கு ரெண்டு வார்த்தை பேச விடுறானாம்."

"நெசமாவா பாய்?"

"எனக்கென்ன தெரியும்? சொன்னாக. உங்க பொட்டியில கிடைக்குமான்னு பாருங்க. சத்தத்தை மட்டும் கொறைச்சு வைங்க. எதிரி ஸ்டேஷனக் கேக்குறாகன்னு எவனாவது போலீசுக்கு எழுதிப் போட்டுருவான்."

அன்றைக்கே என் கணவர் பெட்டியைக் கூடத்திலிருந்து உள்ளறைக்கு மாற்றினார். ஊருக்குச் செய்தி கேட்க வைப்பது நின்றது. பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது என்று சொல்லிவிட்டார். சிங்கப்பூர்த் தமிழ் அவருக்குக் கிடைத்தது. பொழுது சாயும் நேரத்தில்தான் வரும். வந்து வந்து போகும். சோளத்தைப் புடைப்பது போன்ற இரைச்சலுக்கு நடுவே ஒரு சொல், பிறகு விசில் சத்தம், பிறகு ஒன்றுமில்லை. ஒற்றை விரலால் பெட்டியின் திருகியை மயிரிழை மயிரிழையாக நகர்த்திக்கொண்டு, காதைத் துணியில் ஒட்டி வைத்துக் குனிந்திருப்பார்.

அது சாயங்கால ஜெபத்தின் நேரம். முதலில், "நீ போயி மணி அடி, நான் பின்னால வாரேன்" என்றார். நான் மணி அடித்தேன். ஐந்தாறு பெண்களும் இரண்டு கிழவர்களும் வந்து உட்கார்ந்தார்கள். அவர் வரவில்லை. நானே ஒரு சங்கீதம் வாசித்தேன். அடுத்த நாளும் அப்படியே. பிறகு, பின்னால் வருகிறேன் என்று அவர் சொல்வதும் நின்றது. வீட்டில் எங்கள் இருவருக்கும் நடந்த ஜெபமும் நின்றது. தலை வலிக்கிறது என்பார். நீ பண்ணிக்கொள் என்பார். நான் பாயில் முழங்காலிட்டு, பக்கத்தில் ஆள் இல்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டு, மெதுவாக எதையாவது சொல்லி முடிப்பேன்.

பாயும் சில சாயங்காலங்களில் வந்து எங்கள் வாசலில் உட்கார்ந்திருப்பார். மகன் பெயர் வருகிறதா என்று கேட்கத்தான். ஆனால் சூரியன் இறங்கியதும் எழுந்து, என்னிடம் தண்ணீர் வாங்கி முகம் கைகால் கழுவி, துண்டை மண்ணில் விரித்துத் தொழுவார். பெட்டியில் எந்த நேரம் யார் பேசினாலும் சரி, எழுந்துவிடுவார். ஒருதரம் என் கணவர் உள்ளேயிருந்து, "பாய், பேரு வாசிக்கிறான், வாங்க!" என்று கூப்பிட்டார். அவர் தொழுகையை முடித்துவிட்டுத்தான் வந்தார். வந்தபோது நிலையம் மறைந்துவிட்டது. "போகட்டும் உபதேசியாரே" என்றார்.

ஒரு நாள் என்னால் தாங்க முடியவில்லை. பேட்டரியை அருப்புக்கோட்டைக்குக் கொண்டுபோய் சார்ஜ் ஏற்றிக்கொண்டு, தோள் கன்றிப்போய் வந்து உட்கார்ந்தவரிடம் கேட்டேன்.

"ஏங்க, இன்னிக்கி மட்டுமாவது கோயிலுக்கு வாங்களேன். சனங்க கேக்குறாக."

"வாரேன்."

"இப்பிடித்தான் தெனமும் சொல்லுறீக. உங்க தம்பிக்காகத்தானே ஜெபிக்கச் சொல்லுறேன்?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவ்வளவு நேராக அவர் என்னைப் பார்த்தது அரிது.

"நான் ஜெபிக்கலைன்னு நெனைக்கியா? ஸ்டேஷன்ல தலையில கை வச்சு ஜெபிச்சேன். ரெண்டு வருசமா ஜெபிச்சேன். ஜெபத்துல நான்தான் பேசுறேன். பதிலு வரலையே. இந்தப் பொட்டியில இரைச்சலாவது வருதில்ல? அந்த இரைச்சலுக்கு அங்கிட்டு ஆளு இருக்கு. பேசுறாக."

அவர் ஜெபத்தில் பேசியதை எல்லாம் கேட்டுக்கொண்டு பக்கத்தில் ஒருத்தி இருந்தாள் என்று சொல்லத் தோன்றியது. சொல்லும் பழக்கம் எனக்கும் இல்லை.

அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம் அது நடந்தது. நான் கோயிலில் ஜெபம் முடித்துவிட்டு வந்தேன். முற்றத்தில் பாய் மேற்கே பார்த்துத் தொழுதுகொண்டிருந்தார். நான் அவரைக் கடந்து உள்ளே நுழைந்தபோது என் கணவர் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். இரைச்சலுக்கு நடுவில் ஓர் இளைஞனின் குரல் எழுந்து உடனே அமுங்கியது. அவர் எட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கேட்டியா? அண்ணேன்னு சொன்னான்! அவன்தான்! கேட்டியா?"

"ஏதோ கேட்டுச்சுங்க…"

"அவன்தான். அவன் குரலு எனக்குத் தெரியாதா? அண்ணே, நல்லாருக்கேன்னு சொன்னான்."

கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. என் கையை விடவே இல்லை. தொழுகை முடித்து வந்த பாயிடம் சொன்னதும், பாய் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். பிறகு தயங்கித் தயங்கி, "வேற யாரு பேராச்சும்…" என்று கேட்டார். இல்லை என்று என் கணவர் தலையாட்டினார். பாய் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. ஏறி மிதிக்காமல் ரோடு வரைக்கும் தள்ளிக்கொண்டே போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் கணவர் பல மாதங்களுக்குப் பிறகு பீடத்தின் முன் நின்று சாட்சி சொன்னார். தம்பி உயிரோடு இருக்கிறான், என் காதால் கேட்டேன் என்றார். சபையார் அழுதார்கள், ஸ்தோத்திரக் கீர்த்தனை பாடினார்கள். இனி அவர் திரும்பிவிடுவார், சாயங்காலம் திரும்பிவிடும் என்று நினைத்தேன். நேர்மாறாக நடந்தது. ஒருதரம் பேசியவன் மறுதரமும் பேசுவான் என்று அவர் பெட்டியை விட்டு அசையவே இல்லை. பள்ளிக்கூடத்தைக்கூடச் சீக்கிரம் விட்டுவிடுவார்.

சபையில் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய ஒரு விதவை கடைசி மூச்சில் இருந்தாள். பொழுது இறங்கும் நேரம் அவள் மகள் ஓடி வந்தாள். "அம்மா உபதேசியாரக் கேக்குது. வந்து ஒரு வார்த்தை ஜெபிச்சுட்டுப் போகச் சொல்லுது." உள்ளறையிலிருந்து, "இந்தா வாரேன், நீ முன்னால போ" என்று குரல் வந்தது. அந்தப் பெண் நின்று பார்த்துவிட்டுப் போனாள். நான் உள்ளே போய்ப் பார்த்தேன். அவர் எழுந்திருக்கவில்லை. விரல் திருகியில் இருந்தது. நான் வேதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தனியாக நடந்தேன். அந்த வீட்டில் எனக்கு இடம் விட்டு விலகினார்கள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு எனக்குத் தெரிந்த மட்டும் ஜெபித்தேன். அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்து, அப்படியே போய்விட்டாள்.

அது அருப்புக்கோட்டைப் போதகரின் காதுக்கு எட்டியது. அவர் சைக்கிளில் வந்து இறங்கினார். நல்ல மனுஷர். கோபமாக வந்தவர், என் கணவரின் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உபதேசியாரே, ரேடியோ கேக்குறது பாவம்னு நான் சொல்ல வரலை. என் வீட்டுலயும் இருந்தா நானும் கேப்பேன். ஆனா சாகக் கிடக்குற ஆத்துமா கூப்பிடுறப்ப எந்திரிக்க முடியலைன்னா, அது உங்களைப் பிடிச்சு வச்சிருக்குன்னுதானே அர்த்தம்? பொட்டியை நான் டவுனுக்கு எடுத்துட்டுப் போறேன். நீங்க பழையபடி ஊழியத்தைப் பாருங்க."

என் கணவர் தரையைப் பார்த்தபடி, "ஐயா, பொட்டி போச்சுன்னாலும் என் காது இங்க நிக்காது. வேற ஆளைப் போட்டுக்கோங்க" என்றார்.

போதகர் என்னைப் பார்த்தார். எங்களுக்குச் சொந்தமாக இருந்தது இரண்டு டிரங்குப் பெட்டியும் பாத்திரமும்தான். ரேடியோவைப் போதகரிடம் விட்டுவிட்டு, அந்த மாதமே வண்டி கட்டிக்கொண்டு கிளம்பினோம். குழந்தையைப் புதைத்த இடத்தைத் திரும்பிப் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை.

அருப்புக்கோட்டையில் அவர் பேட்டரி சார்ஜ் ஏற்றும் கடைக்காரர் அவருடைய கை நிதானத்தைப் பார்த்துப் பழகியிருந்தார். ரேடியோ பழுது பார்க்கவும் கற்றுக் கொடுத்து வேலைக்கு வைத்துக்கொண்டார். பாளையம்பட்டியில் ஒரு வாடகை வீட்டில் குடியேறினோம். கடையில் எந்நேரமும் ஒரு பெட்டி ஓடிக்கொண்டிருக்கும். சாயங்காலத்தில் சிங்கப்பூர் பிடிக்கும். அவருக்கு வேண்டியது அங்கே இருந்தது. இருட்டிய பிறகு வருவார், சாப்பிடுவார், படுப்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தனியாக டவுனுக்கு நடந்து போய்க் கோயிலில் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருப்பேன். பெரிய சபை. உபதேசியாரம்மா என்று கூப்பிட அங்கே யாரும் இல்லை. ஆராதனை முடிந்ததும் ஆளுக்கொரு கூட்டமாய் நின்று பேசுவார்கள். நான் செருப்பைத் தேடுவது போலச் சற்று நேரம் நின்றுவிட்டு வந்துவிடுவேன். கொஞ்ச காலத்துக்குப் பிறகு ஜெபத்தில் எனக்கும் சொற்கள் குறைந்துபோயின. அவருடைய ஜெபத்துக்குப் பக்கத்தில் இருந்தே பழகியவள் நான். தனியாக ஆண்டவரோடு எப்படிப் பேசுவது என்பதை அந்தப் பாளையம்பட்டி வீட்டில், சுவரைப் பார்த்துக்கொண்டு, தட்டுத் தடுமாறித்தான் கற்றேன்.

யுத்தம் முடிந்தது. முடிந்து சில மாதங்கள் கழித்து, ஒரு முற்பகலில், பஸ்ஸை விட்டு இறங்கி எங்கள் வாசலில் ஒருவன் வந்து நின்றான். எனக்கு அடையாளம் தெரியவில்லை. கன்னம் ஒட்டி, பல் மட்டும் தெரிந்தது.

"மதினி" என்றான்.

நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டார் ஓடி வந்தார்கள். யாரோ கடைக்கு ஓடி என் கணவரிடம் சொன்னார்கள். அவர் சட்டைப் பொத்தான் போடாமல் ஓடி வந்தார். தம்பியின் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். சாப்பிட வைத்தோம். கொழுந்தன் கொஞ்சமாகத்தான் சாப்பிட்டான். சோற்றைக் கையால் மூடிக்கொண்டு சாப்பிட்டான்.

என் கணவர் சிரித்துக்கொண்டே சொன்னார். "நீ உசிரோட இருக்கேன்னு எனக்கு அப்பவே தெரியும்லே. ரேடியோவுல உன் குரலைக் கேட்டேன்ல."

"எந்த ரேடியோவுலண்ணே?"

"சிங்கப்பூர் ஸ்டேஷன்ல. அண்ணே, நல்லாருக்கேன்னு பேசுனியேலே."

கொழுந்தன் புரியாமல் என்னைப் பார்த்தான். "நான் எங்கண்ணே பேசுனேன்? எங்களைக் காட்டுக்குள்ள கொண்டுபோயிட்டாக. ரயிலு ரோடு போட்டோம். மைக்கு, ரேடியோ எதையும் நான் கண்ணால பாக்கலை. சிங்கப்பூருக்கே நான் திரும்ப வந்தது சண்டை முடிஞ்ச பெறகுதாண்ணே."

என் கணவரின் சிரிப்பு முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது, அதை எங்கே வைப்பது என்று தெரியாதது போல. பிறகு, "சரிலே, சாப்பிடு" என்றார். அன்று அவர் கடைக்குத் திரும்பிப் போகவில்லை.

அடுத்த சில நாள் கொழுந்தன் இரவும் பகலும் தூங்கினான். ஒரு மத்தியானம் நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். கண்ணை மூடவில்லை. முழங்காலிடவில்லை. என்னிடமே பேசினார்.

"பின்ன அது யாரு?"

"யாரோ, யாரு தம்பியோ. விடுங்க."

"அண்ணேன்னு சொன்னான்னு நான்தான் சொன்னேன். இப்ப நெனைச்சு நெனைச்சுப் பாக்குறேன். 'அ'ன்னு ஆரம்பிச்சுச்சு. அம்புட்டுத்தான் நெசமாத் தெரியும். மிச்சத்தை நான் போட்டுக்கிட்டேன். 'அண்ணே'ன்னும் இருக்கலாம். 'அத்தா'ன்னும் இருக்கலாம்."

நான் அரிசித் தட்டைக் கீழே வைத்தேன். வீரசோழன் பாயின் மகன் தகப்பனை அத்தா என்றுதான் கூப்பிடுவான். அந்தச் சாயங்காலம் பாய் எங்கள் முற்றத்தில்தான் இருந்தார். தொழுதுகொண்டிருந்தார்.

"அவுக மகன் வந்துட்டானாங்க?"

"வரலையாம். கடைக்கு வந்த ஆளு சொன்னான்."

சொல்வதா, வேண்டாமா என்று ஒரு வாரம் தவித்தார். பிறகு இருவருமே பஸ் ஏறி வீரசோழன் போனோம். பாய் கிழவராகியிருந்தார். வியாபாரத்துக்குப் போவதை விட்டுவிட்டாராம். எங்களைப் பார்த்ததும் எழுந்து, என்னை வீட்டுப் பெண்களோடு உட்கார வைக்கச் சொல்லிக் குரல் கொடுத்தார். நான் கதவருகே நின்றுகொண்டேன். என் கணவர் தம்பி வந்ததைச் சொன்னார். பாய், "அல்ஹம்துலில்லா" என்று இரண்டு கையாலும் முகத்தைத் தடவிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் என் கணவர் மற்றதைச் சொன்னார். சொல்லிவிட்டு, "பாய், நான் என் தம்பின்னு சொல்லி ஊரெல்லாம் சாட்சி சொன்னேன். அது உங்க மகனா இருந்திருந்தா, உங்ககிட்ட வரவேண்டிய வார்த்தையை நான் எடுத்துக்கிட்டேன். நீங்க தொழுதுக்கிட்டு இருந்தீக" என்றார்.

உள்ளே ஒரு பெண் அழும் சத்தம் கேட்டது. அவன் தாயாராக இருக்க வேண்டும்.

"நீங்க எடுத்துக்கிடலை உபதேசியாரே. அது யாரு பிள்ளையோ, எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அந்த நேரம் நான் அவனைத்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன், படைச்சவன்கிட்ட. அது எனக்குத் தெரியும்." பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இருந்து சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்றார்.

சாப்பிட்டோம். பஸ்ஸில் என் கணவர் ஜன்னலோரம் உட்கார்ந்து வழி முழுக்க வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

கொழுந்தன் உடம்பு தேறியதும் பந்தல்குடிக்குப் போய் மறுபடியும் லாரி ஓட்டினான். கல்யாணம் பண்ணிக்கொள்ளவே மாட்டேன் என்றான், அப்படியே இருந்தான். என் கணவர் ஊழியத்துக்குத் திரும்பவில்லை. போதகர் இரண்டு தரம் கூப்பிட்டு அனுப்பினார். "நான் போட்டுக்கிட்ட வார்த்தையைச் சாட்சின்னு சொன்னவன்யா" என்று மறுத்துவிட்டார். கடை வேலையையே பார்த்தார். ஆனால் பொழுது சாய்ந்ததும் கடையை விட்டுக் கிளம்பி வந்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு நடந்து வந்து, கோயிலில் வாசலை ஒட்டிக் கடைசியில் உட்கார்ந்துகொள்வார்.

வீட்டில் பாயை விரித்து என் பக்கத்தில் முழங்காலிடுவார். வாய் திறப்பதில்லை. உதடு மட்டும் அசையும். ஒரு நாள் கேட்டேன்.

"சத்தமா ஜெபிக்கலாம்ல? நானும் கேப்பேன்."

"உள்ளுக்குள்ளயே சொல்லிக்கிறேன்" என்றார். சற்றுக் கழித்து, "நீ சொல்லு, நான் கேக்குறேன்" என்றார்.

பக்கத்து வீட்டுக் கிணறு வற்றிவிட்டதையும், காலையிலிருந்து மேகம் கூடிக் கலைந்ததையும் ஆண்டவரிடம் சொன்னேன். அவர் ஆமென் என்றார். எழுந்து போய் விளக்கைத் தணித்தார். அவர் உள்ளுக்குள் என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியவே இல்லை. அவர் இறந்தபிறகு வந்த எத்தனையோ சாயங்காலங்களில் அதை நான் யோசித்திருக்கிறேன்.